பதினான்கில் பதினொன்று

பதினான்கு தாள்களில் பதினொன்றில் தேறியவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கணக்காய்வாளர் பேரவைக்கே ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. தோற்றவன் என்று சொல்ல முடியாது. பதினொன்று சும்மா வருவதில்லை. தேறியவன் என்றும் சொல்ல முடியாது. மூன்று பாக்கி நிற்கிறது. பேரவை மூன்று உபகுழுக்கள் அமைத்து, நான்கு ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு, 'பகுதித் தகுதியாளர்' என்ற பெயரைக் கண்டுபிடித்தது. அந்தப் பெயரைக் கெட்டித் தாளில் அச்சடித்து, நீல முத்திரை குத்தி, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியும் சேர்த்தது: 'இச்சான்றிதழ் எதற்கும் சான்றாகாது.'

நம் ஆளிடம் அப்படியொரு சான்றிதழ் இருந்தது. வயது முப்பத்தொன்று. மனைவியின் அண்ணன், டயர் கடை வைத்திருப்பவர், அவனுக்கு 'முக்கால் ஆடிட்டர்' என்று பெயர் வைத்திருந்தார். பதினான்கில் பதினொன்று என்பது முக்காலைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அதை அவன் ஒருமுறை எடுத்துச் சொல்லியும் பார்த்தான். மச்சானுக்குத் தசம எண்களில் நம்பிக்கை இல்லை. நாளடைவில் 'ஆடிட்டர்' உதிர்ந்துபோய் 'முக்கால்' மட்டும் நின்றது. நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவனை அதைவிடத் துல்லியமாக யாரும் அளந்ததில்லை.

எட்டு வருடம் ஒரு தணிக்கையாளரிடம் வேலை பார்த்தான். அவர் பதினான்கிலும் தேறி, பேரவையின் முழு உறுப்பினர் ஆனவர். முக்கால் கணக்கைப் பார்ப்பான், பிழையைத் தேடுவான், அறிக்கையை எழுதுவான்; அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு வெள்ளிக்கிழமை நின்றது. முட்டி வலிக்கிறது, மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் அலுவலகத்தைப் பூட்டினார். போகும்போது மேசைமேல் இருந்த பூந்தொட்டியை முக்காலுக்குக் கொடுத்தார். கையெழுத்து அவரோடு போய்விட்டது.

அடுத்த வாரம் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. முக்கால் அதை நின்றபடி படித்தான், பிறகு உட்கார்ந்து படித்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"எனக்குத்தான். விதி இருபத்தேழு."

முதல் தாளில் தேறிப் பத்து ஆண்டு முடிவதற்குள் பதினான்கையும் முடிக்காதவர், பத்தாம் ஆண்டின் கடைசி நாளிலோ அதற்குப் பிறகு எந்த நாளிலோ ஒரு முழு உறுப்பினரின் மேற்பார்வையில் பணியில் இல்லாவிட்டால், அதுவரை தேறிய தாள்கள் எல்லாம் காலாவதியாகும். முக்காலுக்கு அந்தக் கடைசி நாள் அடுத்த மாதம் முப்பதாம் தேதி. இன்னும் நாற்பது நாள். அடுத்த தேர்வு வர நான்கு மாதம் இருந்தது.

"எங்க லேப்ல ரத்தப் பைக்குத்தான் இப்படித் தேதி போட்டு வைப்போம்," என்றாள் மனைவி. "பாஸ் பண்ணதுக்குமா?"

"படிச்சது மறந்துபோகும்னு நினைக்கிறாங்க."

"மறந்துபோனா சரி. மறக்கலைன்னா?"

"மறக்கலைன்னு ஒரு முழு உறுப்பினர் கையெழுத்துப் போடணும்."

அவள் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஏதாவது நல்லதாக இருக்குமோ என்று தேடினாள் போல. பின்பக்கம் பேரவைக் கட்டடத்தின் படம்தான் இருந்தது. "சரி, நாப்பது நாள் இருக்கே. வேலை தேடுங்க. பதினொன்னு எழுதினவருக்கு ஒரு வேலை கிடைக்காதா?" என்றாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள்.

ஆட்களுக்கு வேலை வாங்கித் தரும் ஓர் அம்மாவிடம் போனான்; அவர் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே நாற்காலி லேசாக நடுங்கும். அம்மா ஒரு கண்ணாடியைத் தலைமேலும் இன்னொன்றை மூக்குமேலும் வைத்திருந்தார்.

"எத்தனை?"

"பதினொன்னுங்க."

அம்மா உதட்டைப் பிதுக்கினார். "பதினொன்னா? மோசமான நம்பர் தம்பி. அஞ்சுன்னு சொல்லுங்க, குமாஸ்தா வேலைக்கு நாளைக்கே அனுப்பறேன். பதினாலுன்னு சொல்லுங்க, கார் அனுப்பி கூட்டிட்டுப் போவாங்க. பதினொன்னை எங்க கொண்டுபோய் வைக்கிறது? குமாஸ்தாவுக்கு அதிகம். ஆபீசருக்குக் கம்மி."

"அப்போ என்னங்க பண்றது?"

"கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. அம்மா பொறுமையாக விளக்கினார். மூன்று விண்ணப்பம் தயாரிப்பது. மஞ்சள் அட்டை போட்டதில் ஐந்து தாள், பச்சையில் எட்டு, வெள்ளையில் பதினொன்று. கம்பெனியின் பசிக்குத் தகுந்த மாதிரி எடுத்து நீட்டுவது.

"பொய்யாகாதுங்களா?"

"அஞ்சு தாள் பாஸ் பண்ணீங்களா இல்லையா?"

"பண்ணேன்."

"அப்ப அது உண்மைதானே? மிச்சம் ஆறைப் பத்தி நாம பேச்செடுக்கல. அவ்வளவுதான் விஷயம்."

முக்கால் தலையாட்டினான். எட்டு வருடம் அவனுடைய தணிக்கையாளர் எழுதச்சொன்ன குறிப்புகள் எல்லாம் ஏறக்குறைய இந்த முறையில்தான் எழுதப்பட்டன. கிளம்பும்போது அம்மா அவன் தோளைத் தட்டி, "அறிவா பேசிடாதீங்க, என்ன?" என்றார்.

மஞ்சள் அட்டையோடு முதலில் போனது ஒரு பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலைக்கு. நிதித் தலைவரின் அறையில் வாளிகளே இல்லை. கண்ணாடி மேசை, ஒரு சிறிய வெல்வெட் மெத்தை, மெத்தைமேல் படுத்திருக்கும் ஒரு பேனா. அவர் முழு உறுப்பினர். அதைச் சொல்லும் பலகை மேசையில் ஒன்று, கதவில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று.

"அஞ்சு தாளா? நல்லது," என்றார். "எங்கிட்ட ஏழு பேர் இருக்காங்க. எல்லாரும் அரைகுறைதான். தப்பா எடுத்துக்காதீங்க, அன்பாத்தான் சொல்றேன். உங்களை மாதிரி ஆளுங்க உழைக்கிற மாதிரி முழு ஆளுங்க உழைக்கவே மாட்டாங்க. ஏன் தெரியுமா? உங்களுக்குப் போக இடம் கிடையாது. அந்த ஒரு குணம் போதும் எனக்கு."

"வேலை என்னங்க சார்?"

"எல்லாமே. கணக்கு எழுதறது, சரிபார்க்கறது, அறிக்கை, வரி, பேங்க். கையெழுத்து மட்டும் நான். அது ஏதோ சின்ன வேலைன்னு நினைச்சிடாதீங்க. நேத்து ஒரே நாள்ல நாப்பது போட்டேன். மணிக்கட்டு வீங்கிப்போச்சு."

"எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துத்தான் போடுவீங்களா சார்?"

நிதித் தலைவர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "படிச்சா எப்படிங்க நாப்பது போட முடியும்?"

அடுத்தது முக்கியமான கேள்வி என்று சொல்லிவிட்டு, அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மிச்சத் தாளையும் எழுதி முடிக்கிற எண்ணம் இருக்கா?"

"இருக்குங்க சார்."

"முடிச்சா எங்களை விட்டுட்டுப் போயிடுவீங்க."

"இல்ல சார்... அப்படி அவசரம் ஒண்ணும் இல்ல."

"லட்சியமே இல்லாத ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"லட்சியம் இருக்கு சார். ஆனா நிறைவேறாதுன்னு தெரியும்."

நிதித் தலைவர் அந்த விடையை ரசித்து, குறித்துக்கொண்டார். வேலை அநேகமாகக் கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்து, கழிவு பிளாஸ்டிக்கை இருப்பில் எந்த விலையில் காட்டுவது என்று கேட்டார். நிதித் தலைவர் விழித்தார். முக்காலுக்கு விடை ஒன்பதாவது தாளிலிருந்து நாக்குக்கு வந்துவிட்டது. சொல்லியும் விட்டான், விதி எண்ணோடு. அறையில் இருந்த இரண்டு பேரும் மஞ்சள் அட்டையைப் பார்த்தார்கள். நான்காம் நாள் கடிதம் வந்தது: 'தாங்கள் எங்களிடம் மறைத்த அறிவு எங்கள் நம்பிக்கையைப் பாதித்துள்ளது.'

அதன் பிறகு எந்த அட்டையோடு எங்கே போனோம் என்பதே அவனுக்கு மறக்கத் தொடங்கியது. ஒரு சரக்கு லாரி நிறுவனத்துக்குப் பச்சை அட்டையோடு போனான். வாசலில் விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது எட்டு தாள் ஆளாக இருந்தவன், மேலாளரிடம் பயந்து ஐந்து தாள் ஆளாகப் பேசினான். எழுத்துத் தேர்வில் தன்னை மறந்து பதினொரு தாள் ஆளாக எழுதிவிட்டு வந்தான். மறுநாள் வேலை வாங்கித் தரும் அம்மாவுக்குத் தொலைபேசி வந்தது. வந்திருந்த மூன்று பேரில் இரண்டாவது ஆளைத்தான் தங்களுக்குப் பிடித்திருப்பதாகவும், அவரை மட்டும் மறுபடி அனுப்ப முடியுமா என்றும் மேலாளர் கேட்டார்.

"யாரு தம்பி ரெண்டாவது?" என்று அம்மா கேட்டார்.

முக்கால் உண்மையாகவே யோசித்தான். பயந்த ஆள் என்றுதான் தோன்றியது. பயந்த ஆளாகவே மறுபடி போனான். ஆனால் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மேலாளர் பார்த்துவிட்டு, "இவர் அவர் இல்லை," என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

நாள் கரைந்தது. இன்னொரு இடத்தில், இரண்டு முழு உறுப்பினர்கள் பரிந்துரைத்தால்தான் மனுவே தருவோம் என்றார்கள். பரிந்துரைக்க ஆள் தேடிப் போனால், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். மச்சான் ஒரு ஞாயிறன்று வந்து, "மாப்ளே, பேசாம எங்கடைக்கு வாங்க. டயருக்கு எத்தனை தாள்னு யாரும் கேக்கமாட்டாங்க," என்றார். கேலி பாதி, மனசு பாதி. முக்கால் சிரித்து வைத்தான். மச்சான் போனதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றான். மச்சான் முழு உறுப்பினராக இருந்திருந்தால் அன்றே டயர் அடுக்கப் போயிருப்பான்.

மனைவிக்கு அது தெரியும். நாட்காட்டியில் தேதி கிழிப்பது அவள் வேலையாக இருந்தது. அந்த மாதம் அவள் கிழிக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி வேலை வாங்கித் தரும் அம்மா அவனை அழைத்து, மூன்று அட்டைகளையும் திருப்பிக் கொடுத்தார். "என்னால முடிஞ்சதைப் பண்ணிட்டேன். கடைசியா ஒண்ணு இருக்கு. முப்பதாம் தேதி பேரவையே வேலைவாய்ப்பு முகாம் நடத்துது. உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே. போய்ப் பாருங்க. வெள்ளை அட்டையை எடுத்துட்டுப் போங்க. அங்க அவங்களுக்கே கணக்கு தெரியும்."

பேரவைக் கட்டடம் கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்ததைவிட உயரமாக இருந்தது. நுழைவாயிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்ட அட்டை குத்தினார்கள். அதில் பெயர் இல்லை, தேறிய தாள்களின் எண்ணிக்கை மட்டும் இருந்தது. முக்காலின் நெஞ்சில் 11. உள்ளே உட்காருவதற்கும் அதுதான் கணக்கு. முழு உறுப்பினர்களுக்கு மேடையில் சோபா. பத்துக்கு மேல் தேறியவர்களுக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி. ஐந்திலிருந்து ஒன்பது வரை முக்காலி. அதற்கும் கீழே உள்ளவர்கள் சுவரோரம் நின்றார்கள். அங்கிருந்து 4 என்று குத்தியிருந்த ஒருவன் முக்காலைப் பார்த்து, "அண்ணே, மேல போகப்போக ஈசியாயிடுமா?" என்று ரகசியமாகக் கேட்டான். முக்கால் ஆமாம் என்று தலையாட்டினான். அந்தக் கண்ணைப் பார்த்து வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

பேரவைத் தலைவர் பேச எழுந்தார். கழுத்திலிருந்த மாலை அவர் முகத்தைப் பாதி மறைத்திருந்தது.

"பகுதித் தகுதியாளர்களே! நீங்கள் இல்லாமல் பேரவை இல்லை. இதை நான் வெறும் வார்த்தையாகச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் தேர்வு எழுதுவோர் பதினெட்டாயிரம் பேர். முழுவதும் தேறி வெளியேறுவோர் நூற்று நாற்பது பேர். இந்தக் கட்டடத்தை எழுப்பியது யார்? அந்த நூற்று நாற்பது பேரா? அவர்கள் தேறினார்கள், போனார்கள். நீங்கள்தான் ஆண்டுக்கு இருமுறை தவறாமல் வருகிறீர்கள். உங்கள் விடாமுயற்சியில்தான் இங்கே லிஃப்ட் ஓடுகிறது!"

சோபாக்கள் கை தட்டின. முக்காலிகளும் தட்டின.

"தேர்வை எளிதாக்குங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன், எல்லாரும் உள்ளே வந்துவிட்டால் வெளியே யார் இருப்பார்கள்? வெளியே ஒருவரும் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதில் என்ன மரியாதை? உங்கள் காத்திருப்பால்தான் எங்கள் பட்டத்துக்கு மதிப்பு. அந்தத் தியாகத்தைப் பேரவை ஒருபோதும் முடிவுக்குக் கொண்டுவராது என்று உறுதி கூறுகிறேன்!"

அதற்கும் கை தட்டினார்கள். முக்காலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டான். பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தான்.

அடுத்து ஒரு மணி நேர எழுத்துத் தேர்வு. ஒரே கேள்வி. ஒரு கடையின் கணக்குகளும் ரசீதுகளும் கொடுத்து, பற்றையும் வரவையும் சமன் செய்து காட்டு என்றார்கள். முக்கால் கூட்டினான். இருபத்தேழு உதைத்தது. மறுபடி கூட்டினான். அதே இருபத்தேழு. பக்கத்திலிருந்தவர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டார்கள். காரணம் தெரியாத தொகையைத் தெரியும்வரை ஒதுக்கி வைக்கத்தான் அந்தக் கணக்கு இருக்கிறது. அவர்கள் போட்டுவிட்டுக் கோடு கிழித்து, தேநீருக்கு எழுந்து போய்விட்டார்கள். பேரவை எதிர்பார்த்த விடையும் அதுதான்.

முக்காலுக்கு மனசு வரவில்லை. இருபத்தேழு ஒன்பதால் வகுபடுகிறது. ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். இது இந்தத் தொழிலில் மூன்றாம் மாதமே பழகிவிடும் ஒரு மோப்பம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரசீது ரசீதாகத் தேடினான். எழுதுபொருள் வாங்கிய ரசீதில் 63 என்று இருந்தது. கேள்வித்தாளில் 36 என்று அச்சாகியிருந்தது. நாற்பது நாளில் முதல் தடவையாக அவனுக்குச் சந்தோஷம் வந்தது, உடம்பெல்லாம் பரவுகிற நிஜமான சந்தோஷம். சிவப்புப் பேனா இல்லாததால் பென்சிலால் வட்டமிட்டு, 'கேள்வியில் பிழை' என்று எழுதி, கணக்கைச் சமன் செய்து கொடுத்தான்.

மூன்றரை மணிக்குச் செயலாளர் அவனைத் தனியாக அழைத்தார். மெலிந்த, மென்மையான மனிதர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"இதை நீங்களேவா கண்டுபிடிச்சீங்க?"

"ஆமாங்க சார். ஒன்பதால வகுபட்டுச்சு."

"பத்தொன்பது வருஷமா இதே கேள்விதான். ஆறாயிரம் பேர் எழுதியிருக்காங்க. யாருக்கும் வகுபடல." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "கேள்வி போட்டது யார்னு தெரியுமா? தலைவர். அப்போ அவர் தலைவர் இல்ல. இந்தக் கேள்விக்காகத்தான் தலைவரானார்."

"தப்புன்னு நான் சொல்ல வரலைங்க சார்..."

"சொல்லியிருக்கீங்களே, வட்டம் போட்டு. பிழை இருக்குங்கறது ஒரு தொழில்முறைக் கருத்து. கருத்துச் சொல்ற உரிமை முழு உறுப்பினருக்கு மட்டும்தான். நீங்க சந்தேகப்படலாம். அதுக்குப் பதினொரு தாள் தாராளமாப் போதும். ஆனா முடிவுக்கு வரக்கூடாது."

"அப்போ எனக்குத் தகுதியில்லைங்களா சார்?"

"யார் சொன்னா? உங்களை மாதிரி ஒருத்தரை வெளிய விட்டு வைக்கவே கூடாது." செயலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பேரவையிலேயே வேலை. காலாவதிப் பிரிவு. யார் தாள் எப்போ காலாவதியாகுதுன்னு கணக்கு வைக்கறது. மேற்பார்வை நானே. நான் முழு உறுப்பினர். அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க பதினொன்னுக்கும் ஒரு கீறல் விழாது."

முக்காலுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தான். பேனாவை வாங்கித் தாளை மேலிருந்து படித்தான். படிக்காமல் கையெழுத்துப் போடும் அளவுக்கு அவன் இன்னும் தேறவில்லை. ஏழாவது வரியில் நின்றான்.

"சார், இதுல 'பணியில் உள்ளவரை பேரவையின் எந்தத் தேர்வையும் எழுதமாட்டேன்'னு இருக்கே."

"ஆமா. பின்ன? பேரவையில வேலை பார்க்கறவர் பேரவைத் தேர்வை எழுதினா ஊர் என்ன பேசும்? கேள்வித்தாள் இதே கட்டடத்துலதான் இருக்கு. எங்களுக்கு நேர்மை முக்கியம்."

"அப்போ பாக்கி மூணை எப்போ எழுதறது?"

"வேலையை விட்டுட்டு எழுதலாமே. யாரு தடுத்தா?"

"வேலையை விட்டா பதினொன்னும் அன்னிக்கே காலாவதியாயிடுமே சார்."

"விதி இருபத்தேழு," என்று செயலாளர் அன்போடு ஒப்புக்கொண்டார். "ரெண்டு விதியும் தனித்தனிக் குழு போட்டது. தனித்தனியாப் பார்த்தா ரெண்டும் ரொம்ப நல்ல விதிங்க."

மணி நாலு பத்து. முக்கால் தாழ்வாரத்துக்கு வந்து மனைவியை அழைத்தான். பின்னால் லேப் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. விஷயத்தைச் சொன்னான். அவள் இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டாள்.

"கையெழுத்துப் போட்டா பதினொன்னும் இருக்கும். ஆனா எழுத முடியாது."

"ஆமா."

"போடலைன்னா எழுதலாம். ஆனா முதல்லேர்ந்து. பதினாலும்."

"ஆமா."

இயந்திரம் சுற்றி ஓய்ந்தது. "என்னைக் கேக்காதீங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. "போடாதீங்கன்னு சொல்லணும்னுதான் இருக்கு. ஆனா நாளைக்குக் காலையில நீங்க மறுபடி அந்த மூணு அட்டையையும் எடுத்துட்டுக் கிளம்பறதை என்னால பாக்க முடியாது. ரெண்டையும் என்னால சொல்ல முடியல. நீங்களே போட்டுட்டு வாங்க. இல்ல, போடாமலே வாங்க. வாங்க, அவ்வளவுதான்."

முக்கால் தாழ்வாரத்தில் நடந்தான். பத்து வருடம் அவன் கண்முன் பதினொரு கட்டாக நின்றது. ஆறாவது தாளுக்கு மூன்று தடவை போனது, எட்டாவது தாள் எழுதிய அன்று காய்ச்சலில் விழுந்தது, பதினொன்றாவது முடிவு வந்த அன்று அவள் லேப் உடுப்போடு தெருவில் ஓடி வந்தது. அத்தனையையும் ஐந்து மணிக்கு ஒரு கோடு கிழித்துத் தள்ளிவிட அவன் கை வரவில்லை. இருப்பதைக் காப்பாற்று என்றுதான் எட்டு வருடம் ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறான். நாலு ஐம்பதுக்கு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான்.

காலாவதிப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. முதல் தேதி காலை அவன் போனபோது எட்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். சுத்தமான அறை. ஜன்னல்கள் திறக்காதவை. கண்காணிப்பாளர், நரைத்த மீசைக்காரர், தானே எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உங்களுக்குப் பதினொன்னா? நல்லது, நல்லது. இங்க ஒம்பதுக்குக் கீழ யாரும் இல்ல. எனக்குப் பதிமூணு." அவர் அதைச் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது. "இருபத்திரண்டு வருஷமா இருக்கேன். ஒண்ணு கூடக் காலாவதி ஆகல."

"ஒரே ஒரு தாள்தானா சார் பாக்கி?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் சுலபமான தாள்னு சொல்றாங்க."

"நீங்க எழுதணும்னு நினைக்கலையா சார்?"

கண்காணிப்பாளர் மீசையைத் தடவிக்கொண்டார். "முதல் அஞ்சு வருஷம் நினைச்சேன். எழுதணும்னா விடணும், விட்டா பதிமூணும் போயிடும். போகப்போக அந்த யோசனையே வராது. உங்களுக்கும் வராது, பயப்படாதீங்க."

"அப்போ... எப்பவுமே இது இப்படியே இருக்குமா சார்?"

"எப்பவுமே எப்படி இருக்கும்? ரிட்டயர் ஆனா மேற்பார்வை கிடையாது இல்லையா? மறுநாளே காலாவதி. எனக்கு அடுத்த வருஷம் மார்ச். பதிமூணும் ஒரே நாள்ல." அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார். "விழா எடுப்பாங்க. போன மாசம் ஒருத்தருக்கு எடுத்தாங்க, பன்னிரண்டு. தலைவரே வந்து நல்லாப் பேசினார்."

பிறகு அவர் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து, பிறந்த தேதி கேட்டார். முக்கால் சொன்னான். ஓய்வு பெறும் தேதியை அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவதற்குள், கேட்காமலே, பழக்கதோஷத்தில், முக்கால் மனக்கணக்காகப் போட்டுச் சொல்லிவிட்டான். நாள், மாதம், வருடம், கிழமை உட்பட. எட்டு பேரும் மறுபடி நிமிர்ந்து பார்த்தார்கள். "அட, பொறுப்பான ஆளு," என்று சொல்லிக் கண்காணிப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மனைவி அழைத்தாள். இடம் எப்படி, ஆட்கள் எப்படி என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, எல்லாரும் நல்லவர்கள் என்றான். அது உண்மைதான், அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"சரி, எப்போ வெளிய வருவீங்க?" என்று கேட்டாள்.

நாக்கு நுனி வரை வந்தது பதிவேட்டில் இருந்த தேதி. இருபத்தேழு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை. முக்கால் அதை மென்று விழுங்கிவிட்டு, "ஆறு மணிக்கு," என்றான்.